ஹெட்போன் ஆம்ப்ளிபையருக்கு மாற்று வால்வு தேர்ந்தெடுக்கும் முறை

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் தாத்தா காலத்து வால்வு ரேடியோ இன்னும் பரணில் இருக்கிறது. ஹெட்போன் ஆம்ப்ளிபையரின் வால்வு, அதாவது ஒலியைப் பெருக்கும் வெற்றிடக் கண்ணாடிக் குமிழ், பழுதானதும், அந்த ரேடியோவிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டுப் பார்க்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. ரேடியோவின் இஎல்84 வால்வு ஆம்ப்ளிபையரின் ஒன்பது பின் சாக்கெட்டில் பிசகில்லாமல் உட்காரும். ஆனால் ஆம்ப்ளிபையருக்கு உரிய இசிசி88 போன்ற வால்வுக்கும் அதற்கும் உள்ளிணைப்பு முற்றிலும் வேறு. பொருந்துகிறது என்பது பொருத்தமானது என்பதற்குச் சான்றாகாது.

ஆகவே, முதலில் கண்ணாடியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்து, ஆம்ப்ளிபையரின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். ஒரே வகை வால்வுக்கு அமெரிக்காவில் ஒரு பெயரும் ஐரோப்பாவில் ஒரு பெயரும் உண்டு: 6டிஜே8 என்பதே இசிசி88, 12ஏயூ7 என்பதே இசிசி82. 6922 எனப்படும் இ88சிசி, இசிசி88-இன் உறுதியான வடிவம் என்பதால் தயங்காமல் வாங்கலாம். ஐரோப்பியப் பெயரின் முதல் எழுத்து ஹீட்டரை, அதாவது வால்வைச் சூடாக்கும் உள் இழையைக் குறிக்கும். 'இ' என்றால் 6.3 வோல்ட். தொலைக்காட்சிப் பெட்டிகளுக்காக வந்த பிசிசி88-க்கு 7 வோல்ட் தேவை.

நான் ஒலியைவிட ஹீட்டருக்கே முதலிடம் தருவேன், ஏனெனில் ஆம்ப்ளிபையரையே கெடுக்கக்கூடிய தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கின்றன. இசிசி82-இன் ஹீட்டர் நான்காம், ஐந்தாம் பின்களுக்கிடையே 12.6 வோல்ட் கேட்கும். அப்படி அமைந்த சாக்கெட்டில் 6.3 வோல்ட் இசிசி88-ஐச் செருகினால் இரு மடங்கு மின்னழுத்தம் பாய்ந்து இழை கருகிவிடும். மின்னழுத்தம் ஒத்திருந்தாலும் மின்னோட்டத்தைப் பார்க்காமல் விடக் கூடாது. ரஷ்ய 6என்1பி பெரும்பாலும் இசிசி88-க்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்படுகிறது, ஆனால் இசிசி88 எடுப்பது 365 மில்லி ஆம்பியர், 6என்1பி எடுப்பது 600. சிறிய டிரான்ஸ்பார்மர் அந்தச் சுமையில் கொதித்துப்போகும். தயாரிப்பாளர் வெளிப்படையாக அனுமதித்திருந்தால் மட்டுமே அதைப் போடுங்கள்.

அடுத்தது பெருக்கம், அதாவது வால்வு சிக்னலை எத்தனை மடங்காக்க வல்லது என்பது. இசிசி83-க்கு இது ஏறக்குறைய 100, இசிசி81-க்கு 60, இசிசி82-க்கு 20-க்குள். காதோடு ஒட்டியிருக்கும் ஹெட்போனில் மெல்லிய இரைச்சலும் கேட்குமாதலால், தேவைக்கு மேற்பட்ட பெருக்கம் தொல்லையே தரும்.

பழைய வால்வு வாங்குவதானால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம், பெரும்பாலும் உச்சியில், வெள்ளிப் பூச்சு போன்ற பளபளப்பான திட்டு இருக்க வேண்டும். அது பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு உதவாது. நம் பக்கத்து மழைக்கால ஈரத்தில் பின்களில் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கும்; அதைச் சுத்தம் செய்துவிடலாம். ஒரே குமிழுக்குள் இடது, வலது இரண்டுக்கும் தனித்தனிப் பாதி இருக்கும் வகைகளில், இரு பாதிகளும் அளவெடுத்து ஒத்துப்பார்க்கப்பட்டவையா என்று விற்பவரிடம் கேளுங்கள். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் முத்திரையுள்ள வால்வுகள் நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள். முதன்முறை மாற்றுபவருக்கோ, ஸ்லோவாக்கியாவின் ஜேஜே போன்ற புதிய தயாரிப்பே போதும் என்பது என் கருத்து. பெயருக்காகப் பல மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

இரவில் தோப்பு மோட்டார்கள் நின்றதும் மின்னழுத்தம் ஏறும் ஊர்களில் இன்னொரு கவனம் தேவை. 220 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்ட டிரான்ஸ்பார்மருக்கு 250 வோல்ட் வந்தால், மின்னழுத்தச் சீராக்கி இல்லாத 6.3 வோல்ட் ஹீட்டர் 7.1 வோல்ட்டைத் தாண்டும். எவ்வளவு நல்ல வால்வும் அதில் சீக்கிரம் தேயும். ஸ்டெபிலைசர் வைத்த பிறகே விலையுயர்ந்த வால்வு வாங்குங்கள்.

மாற்றும்போது மின்சாரத்தைத் துண்டித்து, வால்வு நன்றாக ஆறியபின் நேராக மேல்நோக்கி இழுங்கள். புதியதைப் பொருத்தி, ஹெட்போனைச் செருகாமல் ஓரிரு நிமிடம் சூடேறவிட்டு, முதலில் விலை குறைந்த ஹெட்போனில் கேளுங்கள். பென்சிலின் ரப்பர் முனையால் கண்ணாடியை மெல்லத் தட்டும்போது மணியடிப்பதுபோல் நீண்ட ஓசை காதில் விழுந்தால், அந்த வால்வைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.