நிறம் மாறும் வெளி விளக்கு: வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பெட்டியின் மேலிருக்கும் படத்தைப் பார்த்துத்தான் நம்மில் பலர் இந்த விளக்குகளை வாங்குகிறோம். வீட்டு முகப்பு முழுக்க ஊதாவும் நீலமும் வழிந்து ஓடும். கீழே '1.6 கோடி நிறங்கள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தலா 256 படிகளில் கூட்டிக் குறைத்தால் 1,67,77,216 வரும். அவ்வளவுதான் அந்தக் கணக்கு. பக்கத்துப் பக்கத்துப் படிகளுக்கு வித்தியாசம் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கஷ்டம்.

முதல் வாரம் ஆப்பைத் திறந்து நிறம் மாற்றி விளையாடுவோம். அப்புறம்? விசேஷ நாட்களைத் தவிர மற்ற இரவுகளில் அந்த விளக்கு வெள்ளையாகத்தான் எரியப் போகிறது. அதனால் நான் முதலில் பார்ப்பது அதன் வெள்ளையை. சிவப்பு, பச்சை, நீலம் மட்டும் உள்ள வெறும் ஆர்ஜிபி விளக்கில் வெள்ளைக்கென்று தனிச் சில்லு கிடையாது. மூன்று நிறங்களையும் கலந்து ஒப்பேற்றுவார்கள். பெரும்பாலும் அதில் நீலமோ இளஞ்சிவப்போ தட்டும், வாசலில் நிற்பவர் முகம் காய்ச்சல்காரர் முகம் போலத் தெரியும். ஆர்ஜிபிடபிள்யூ என்று போட்டிருந்தால் வெள்ளைக்குத் தனிச் சில்லு உண்டு. வெள்ளையின் சாயலை 2700 கெல்வின் முதல் 6500 கெல்வின் வரை மாற்றலாம் என்றிருந்தால் இன்னும் நல்லது. இளமஞ்சள் வெளிச்சத்திலிருந்து பளீர் வெள்ளை வரை கிடைக்கும்.

வெளிச்சத்தை அளக்கும் லூமன் கணக்கும் வெள்ளைக்குத்தான். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 800 லூமன். அதே எண் போட்ட ஸ்மார்ட் பல்பைச் சிவப்புக்கோ நீலத்துக்கோ மாற்றினால் வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். படிக்கட்டில் கால் வைக்கும் இடம் தெரிய அதை நம்பாதீர்கள்.

இன்னொரு ஏமாற்றம், ஓடும் வானவில். நாடா போல நீளமாக வரும் சாதாரண ஆர்ஜிபி ஸ்ட்ரிப் முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் ஒரே நிறம்தான் காட்டும். துண்டு துண்டாக வேறு வேறு நிறம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கட்டுப்பாட்டுச் சிப் உள்ள ரகம் வேண்டும்.

சரி, மழைக்கு வருவோம். 'வாட்டர்ப்ரூஃப்' என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்குவது பெரிய தவறு. தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஐபி எண்ணைத் தேடுங்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி20 வீட்டுக்குள் மட்டும். ஐபி44 தெறிக்கும் நீரைத் தாங்கும், கூரை நீட்டலுக்கு அடியில் போதும். நேராக மழை அடிக்கும் சுவருக்கு ஐபி65 வேண்டும். தண்ணீர் தேங்கும் தரைக்கு ஐபி67. ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்குமா என்பதுதான் அதற்கான சோதனை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த எண் பல நேரம் ஸ்ட்ரிப்புக்கு மட்டும்தான். கூடவே வரும் அடாப்டரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மழையில் நனையக்கூடாத ரகமாக இருக்கும். ஸ்ட்ரிப்பை நடுவில் வெட்டினாலும் அந்தப் பாதுகாப்பு போயிற்று. வெட்டிய முனையில் மூடியிட்டு சிலிக்கோன் பசையால் அடைக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. இரண்டாவது மழையிலேயே கடைசி ஒரு முழம் பச்சையாக நின்றுவிட்டது, வேறு நிறத்துக்கு மாறவே மறுத்தது. பின்னால் ஒட்டியிருக்கும் பசைநாடாவும் வெயிலில் இளகிக் கைவிடும். கிளிப் அல்லது அலுமினியச் சட்டம் போட்டுத் திருகுவதுதான் நிலைக்கும். வெளிப்புற இணைப்புக்கு 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டுவிடுங்கள்.

நீளம் விஷயத்தில் பலர் சறுக்குவார்கள். ஐந்து மீட்டர் ஸ்ட்ரிப் இரண்டை, மூன்றை ஒன்றின் வாலில் ஒன்றாகக் கோப்பார்கள். ஆரம்பத்தில் வெள்ளை, முடிவில் மங்கிய செம்பழுப்பு. கம்பியில் மின்னழுத்தம் இறங்குவதால் வரும் வினை இது. 60 வாட்ஸ் ஸ்ட்ரிப் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், 24 வோல்ட்டில் 2.5 மட்டும். மின்னோட்டம் பாதியானால் அதே கம்பியில் வீணாகும் சக்தி கால்வாசியாகிவிடும். எனவே நீண்ட சுவருக்கு 24 வோல்ட் எடுங்கள், அல்லது மறுமுனையிலிருந்தும் மின்சாரம் கொடுங்கள். அடாப்டரையும் விளிம்புவரை ஓட்டாதீர்கள். 60 வாட்ஸ் விளக்குக்கு 75 வாட்ஸ் அடாப்டர் சரியாக இருக்கும்.

வைஃபை எட்டுகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பெரும்பாலான ஸ்மார்ட் விளக்குகள் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். ஃபோனை எடுத்துக்கொண்டு விளக்கு வரப்போகும் இடத்தில் நின்று, கதவை மூடச் சொல்லி, சிக்னலைப் பாருங்கள். கான்கிரீட் சுவரும் உலோகக் கூண்டும் அதை விழுங்கிவிடும். தூரம் அதிகமானால் ஜிக்பீ அல்லது த்ரெட் என்ற கம்பியில்லாத் தொடர்பு வகை உதவும், ஒரு விளக்கு அடுத்ததற்குச் செய்தியைக் கடத்தும். ஆனால் நடுவிலுள்ள விளக்கை யாராவது சுவர் ஸ்விட்சில் அணைத்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடலாம்.

அந்த சுவர் ஸ்விட்ச்தான் வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டை. பழக்கதோஷத்தில் ஒருவர் அதை அணைப்பார். அட்டவணை, ஆப், எல்லாம் செத்துப்போகும். யாரும் தொடாதபடி ஸ்விட்சின் மேல் மூடி போட்டுவிடுங்கள், அல்லது சுவரில் ஒட்டும் கம்பியில்லா பொத்தான் வையுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் இருக்கும் இணைப்பில் ஸ்மார்ட் பல்பை மாட்டவே வேண்டாம். மின்சாரம் போய்த் திரும்பும்போது விளக்கு எந்த நிலையில் எழ வேண்டும் என்ற அமைப்பு ஆப்பில் உண்டா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் நடுநிசியில் மின்சாரம் வந்ததும் வீடே பளிச்சென்று விழித்துக்கொள்ளும்.

நிறுவனத்தின் சர்வர் இல்லாமல் வேலை செய்யாத விளக்கு, அந்த சர்வரை மூடும் நாளில் வெறும் பல்பு. 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வெளியான மேட்டர் என்ற, பல நிறுவனங்களின் ஸ்மார்ட் கருவிகளுக்கும் பொதுவான தரத்தை ஏற்கும் விளக்குகளை வீட்டு வலைக்குள்ளேயே இயக்கலாம். நான் இப்போது அந்த முத்திரை இல்லாததைத் தொடுவதில்லை.

கடைசியாக ஒன்று. நிறம் மாறி மாறி மின்னும் சுவருக்கு எதிர்வீட்டில் ஒரு படுக்கையறை ஜன்னல் இருக்கும். விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி, இரவு பத்துக்கு மேல் மங்கலாக்க அட்டவணை போடுங்கள். நீலத்துக்கும் குளிர் வெள்ளைக்கும் பூச்சிகள் அதிகம் மொய்க்கும். நேரம் போகப் போக அம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) நிறத்துக்கு இறக்கினால் அவற்றின் கூட்டம் குறையும். சுவரில் காத்திருக்கும் பல்லிக்குத்தான் ஏமாற்றம்.