வால் கத்திக்கு மரப்பிடி போடுதல்: முதன்முறை செய்கிறவர்களுக்கு

கொல்லர் பட்டறையிலும் வாரச் சந்தையிலும் பிடி இல்லாமல் வெறும் அலகாகவே கத்தி வாங்க முடியும். பழைய கத்தியின் பிடி உளுத்துப்போய், அலகு மட்டும் உறுதியாக இருக்கிற வீடுகளும் உண்டு. அலகின் பின்பக்கத்தில் கூம்பிக்கொண்டே போய் மரத்துக்குள் செல்லும் பகுதியை வால் என்றும், வால் தொடங்குமிடத்தில் அலகு இருபுறமும் அகன்று நிற்கும் விளிம்பைத் தோள் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். முதன்முறை பிடி போடுகிறவர்கள் பெரும்பாலும் பசையை நம்பியே வேலையைத் தொடங்குகிறார்கள். ஆனால் பிடியை நிற்க வைப்பவை வாலுக்கு அச்சாகப் பொருந்திய துளையும், மரம் பிளந்துவிடாமல் இறுக்கிப் பிடிக்கும் பூண் எனும் உலோக வளையமும்தான். துளைக்குள் தண்ணீர் இறங்காமல் அடைப்பதே பசையின் முதல் வேலை.

தொடங்கும் முன் கத்தியின் வாய்க்கு, அதாவது வெட்டும் விளிம்புக்கு, மடித்த அட்டையை வைத்து, அதன்மேல் டேப்பை இறுகச் சுற்றிவிடுங்கள். கவனம் முழுவதும் வாலின் மீது இருக்கும் வேளையில்தான் வாய் கையைப் பதம் பார்க்கும். வாலில் துரு இருந்தால் அரத்தால் ராவி எடுத்துவிட்டு, தோளின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஏறி இறங்கியிருந்தால் பூணின் முகத்தில் அலகு சரியாக உட்காராது. தோளும் வாலும் சேரும் மூலையை மட்டும் கூர்மையாக வெட்டிவிடாமல் சிறு வளைவாகவே விட்டுவைக்க வேண்டும், ஏனெனில் கத்தி ஒடியும்போது விரிசல் பெரும்பாலும் அந்த மூலையிலிருந்தே தொடங்குகிறது.

மரத்தைப் பொறுத்தவரை, முதல் பிடிக்குப் புளி, கருவேலம், பூவரசு ஆகியவற்றில் ஒன்றையே நான் பரிந்துரைப்பேன். தேக்கும் நல்லதுதான், ஆனால் அதில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால், பசை பூசும் இடத்தை முன்னதாகத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தாக வேண்டும். ஈட்டி மரம் பார்க்க அழகாக இருக்கும். எனினும் அதை வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்ட அளவுக்கு அது அருகிவரும் மரம் என்பதால், உடைந்த பழைய நாற்காலிக் கால் போன்ற கழிவுத் துண்டு கிடைத்தால் மட்டும் அதை எடுத்துக்கொள்ளலாம். எந்த மரமானாலும் வெளிறை, அதாவது மென்மையான வெளிப்பகுதியை, ஒதுக்கிவிட்டு வைரம் பாய்ந்த உட்பகுதியில் 13 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் 3 செ.மீ. கனமும் உள்ள துண்டாக அறுத்துக்கொள்ளுங்கள். நார் பிடியின் நீளவாக்கில் நேராக ஓடவேண்டும். குறுக்கே சாய்ந்து ஓடினால் அந்தச் சாய்வு வழியாகவே ஒருநாள் பிளக்கும்.

மரம் காய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் மட்டும் சொல்லிவிட முடியாது. துண்டைச் சமையலறைத் தராசில் வாரத்துக்கு ஒருமுறை நிறுத்து எழுதிவாருங்கள். மூன்று நான்கு வாரங்கள் தொடர்ந்து எடை மாறாமல் இருந்தால், அது சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு ஒத்துப்போய்விட்டது என்று பொருள். பச்சை மரத்தில் போட்ட பிடி அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும், காய்ந்து சுருங்கியதும் பூண் தானாகவே கழன்று வந்துவிடும். காயும் காலத்தில் துண்டின் இரு முனைகளிலும் மெழுகைத் தடவி நிழலில் வைத்தால் முனை வெடிப்பதில்லை.

துண்டைச் செதுக்கி வடிவம் கொண்டுவருவதற்கு முன்பே துளை போட்டுவிட வேண்டும். துளை சற்றுச் சாய்ந்து போனாலும், பிறகு அந்தத் துளையை நடுவாகக் கொண்டு மரத்தைச் செதுக்கிச் சரிக்கட்ட இடம் இருக்கும். முதலில் அழகாகச் செதுக்கிவிட்டுப் பிறகு துளை கோணினால் அந்தத் துண்டு வீண்தான். கட்டையின் மேல்முகத்திலும் பக்க முகத்திலும் நடுக்கோடு இழுத்து, வைஸில் செங்குத்தாகப் பிடித்து, வாலின் நுனிக் கனத்துக்கு ஏற்ற சிறு பிட்டால், பெரும்பாலும் 4 மி.மீ. போதும், வாலின் முழு நீளத்துக்கும் துளையுங்கள். ஆழம் தெரிய பிட்டிலேயே டேப் ஒட்டிக்கொள்ளலாம். அடுத்து, வால் அகன்றிருக்கும் மேல்பாதிக்கு மட்டும் இன்னும் சற்றுப் பெரிய பிட்டைப் பயன்படுத்துங்கள். வாலை நுழைத்தால் முக்கால் பங்கு உள்ளே போய் நிற்க வேண்டும். தடையில்லாமல் முழுவதும் போய்விட்டால் துளை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது பூண். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பித்தளைக் குழாயில் 15 மி.மீ. நீளத்துக்கு ஒரு வளையம் அறுத்து, உள்விளிம்பை அரத்தால் மழுக்குங்கள். குழாயின் உள்விட்டம் 20 மி.மீ. அளவில் இருந்தால் சமையல் கத்திக்குச் சரியாக இருக்கும். கட்டையின் முன்முனையை, துளையை நடுவில் வைத்து, பூணின் உள்விட்டத்தைவிட மயிரிழை தடிப்பாக, நுனியில் சற்றே ஒடுங்கும்படி உருட்டிச் செதுக்கி, கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) சுற்றிலும் சீராகத் தட்டிப் பூணை ஏற்ற வேண்டும். பூண் ஏறும்போது மெல்லிய மரச்சுருள் ஒன்று அதன் விளிம்பில் சிலும்பிக்கொண்டு வந்தால் இறுக்கம் சரியாக இருக்கிறது. வாலை உள்ளே செலுத்தும் முன்பே பூண் ஏறியிருக்க வேண்டும் என்பதில் தளர்வு வேண்டாம். ஆப்புப் போல இறங்கும் வாலின் அழுத்தத்தைத் தாங்கத்தான் பூண் இருக்கிறது.

அடுத்து வாலைச் சூடேற்றித் துளையைச் சுட்டுப் பொருத்துவது. இதைத் திறந்த வெளியில், நிழலில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீருடன் செய்யுங்கள். மங்கிய செந்நிறம் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. தோளிலிருந்து அலகு முழுவதையும் ஈரத்துணியால் நன்றாகச் சுற்றி, குறட்டால் பிடித்து, கரி நெருப்பிலோ கேஸ் டார்ச்சிலோ வாலை மட்டும் காட்ட வேண்டும். பதம் போட்ட, அதாவது சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கிய, அலகில் சூடு 220, 230 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வைக்கோல் நிறமும், ஏறத்தாழ 300 டிகிரியில் நீலமும் படரும். அந்த நீலம் கத்தியின் வாயை எட்டினால் அங்கே பதம் இறங்கி, எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. ஆகவே தோளருகே நிறம் மாறத் தொடங்கியதுமே நெருப்பை விலக்கி, அலகின் மேல் சுற்றிய துணியில் தண்ணீர் விடுங்கள். சிவந்த வாலை மட்டும் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள். சூடு அளவுக்கு மேல் போயிருந்தால், வால் கடினமாகிப் பின்னாளில் பட்டென்று ஒடியும்.

வால் மங்கலாகச் சிவந்ததும் துளைக்குள் நேராக வைத்து அழுத்தி, நாலைந்து நொடிக்குள் வெளியே இழுத்துவிடுங்கள். புகை வரும், கண் எரியும், முகத்தைத் தள்ளியே வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் துளைக்குள் சேரும் கரியை மெல்லிய கம்பியால் சுரண்டித் தட்டிக் கொட்டிவிட்டு மறுபடி செய்தால், மூன்று நான்கு சூட்டில் துளை வாலின் வடிவத்தையே அச்சாக எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு அதிக நேரம் உள்ளே விட்டுவைத்தால், சுற்றியுள்ள மரமே கரியாகி அச்சு தளர்ந்துவிடும். தோளுக்கும் பூணுக்கும் இடையே 8 முதல் 10 மி.மீ. மிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் கத்தியின் முதுகின் வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். முதுகும் பிடியின் நடுக்கோடும் ஒரே நேரில் வரவில்லையென்றால் அதைத் திருத்தும் வேளை இதுதான், பசை போட்ட பிறகு எதுவும் செய்ய முடியாது.

அலகைக் கழற்றி வைத்துவிட்டுப் பிடியைச் செதுக்குவதே பாதுகாப்பு. குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில், ஏறத்தாழ 30 மி.மீ. உயரமும் 22 மி.மீ. கனமுமாக இருந்தால், கத்தியின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது பார்க்காமலே கைக்குத் தெரியும். பூணை ஒட்டிச் சற்று ஒடுங்கி, நடுவில் பருத்து, கடைசியில் சுண்டுவிரல் பதியும்படி கொஞ்சம் விரியட்டும். மர அரத்தால் உருவம் கொண்டுவந்து, 80, 120, 180, 240 என வரிசையாக உப்புத்தாள் போடுங்கள், தூசிக்கு மூக்கை மூடிக்கொள்ளுங்கள். இறுதியில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலரவிட்டால் நார் சிலிர்த்து எழும். அதை மறுபடி தேய்த்துவிட்டால் பின்னாளில் கழுவும்போது பிடி சொரசொரப்பதில்லை.

ஒட்டுவதற்கு அக்காலத்தில் அரக்கையும் செங்கல் பொடியையும் சேர்த்துத் துளையில் நிரப்பிச் சூடான வாலை இறக்குவார்கள். வேண்டும்போது சூடுகாட்டிக் கழற்றலாம் என்பது அதன் சிறப்பு. கொதிநீர் பட்டால் இளகும் என்பது குறை. அன்றாடம் கழுவப்படும் கத்திக்கு, மெதுவாக இறுகும் அரால்டைட் போன்ற இரண்டு குழாய்ப் பசை ஏற்றது. நன்கு கலந்த பசையைத் துளைக்குள் விட்டு, மெல்லிய குச்சியால் மேலும் கீழும் குத்திக் காற்றை வெளியேற்றுங்கள். உள்ளே காற்றுக் குமிழி நின்றால் அது பசையை வெளியே தள்ளிவிடும். வாலை நுழைத்தபின், அலகு கீழே தொங்கும்படி பிடியை ஒரு கையால் பிடித்து, பிடியின் அடிமுனையைக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். அலகைத் தொடவே வேண்டியதில்லை, அடி விழும்போது பிடி கீழே நகர, கனமான அலகு நிலைமத்தால் நின்ற இடத்திலேயே நிற்க முயல்வதால், வால் ஒவ்வொரு அடிக்கும் சிறிது சிறிதாக மரத்துக்குள் ஏறிவிடும். தோள் பூணில் உட்கார்ந்ததும் தட்டும் ஓசை மாறிக் கெட்டியாகக் கேட்கும், அத்தோடு நிறுத்திவிடுங்கள். வழியும் பசையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, பிடி கீழும் முனை மேலுமாக, யாருடைய கையும் படாத இடத்தில் 24 மணி நேரம் வைக்க வேண்டும்.

மெருகுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது மரத்தில் உலர்ந்து படலமாவதில்லை. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, நாளுக்கு ஒரு பூச்சாக மூன்று நான்கு பூச்சு கொடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அந்த எண்ணெய் உலரும்போது வெளிவிடும் சூட்டில் துணி தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதால், அதை விரித்துக் கொடியில் காயவிடுங்கள் அல்லது தண்ணீரில் ஊறவைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள். பூச்சு நன்றாகக் காய்ந்தபின், தோளும் பூணும் சந்திக்கும் இடுக்கில் உருக்கிய தேன்மெழுகில் ஒரு சொட்டு விட்டு வையுங்கள். நாளடைவில் அந்த மெழுகு கரைந்து இடுக்கு தெரியும்போதெல்லாம் மறுபடி விட்டால் போதும்.