காலரா: வெளிநாட்டுக்குப் போகும்முன் நாம் செய்யும் தவறுகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் சுங்கை சிப்புட் தோட்டப்புறங்களில் சில குடும்பங்களாவது தமிழ்நாட்டுக்கோ காசிக்கோ டிக்கெட் எடுத்துவிடும். பெட்டி கட்டும் நேரத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: "காலராவுக்கு ஊசி போட்டாச்சா?"

இப்போது பயணிகளுக்குக் கொடுப்பது ஊசியே இல்லை, குடிக்கும் மருந்து. நம் பாட்டிமார் காலத்தில் வாந்திபேதிக்கு ஊசி போட்டார்கள்தான். அதன் பலன் குறைவு, சில மாதங்களுக்கு மேல் நிற்காது என்பதால் கைவிட்டுவிட்டார்கள்.

காலரா சான்றிதழ் இல்லாவிட்டால் ஏர்போர்ட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றும் ஒரு பயம் உண்டு. அந்த விதியை உலகச் சுகாதாரப் பேரவை 1973-லேயே நீக்கிவிட்டது. சில நாடுகள் கேட்பது மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ். இரண்டையும் குழப்பிக்கொண்டு, தேவையில்லாத அட்டைக்கு யாரிடமும் வெள்ளியைக் கொடுக்காதீர்கள்.

சரி, எல்லோருக்கும் இந்த மருந்து வேண்டுமா? வேண்டாம். நல்ல ஹோட்டலில் தங்கிக் கோயில் பார்த்துத் திரும்புகிறவருக்கு ஆபத்து மிகக் குறைவு. வெள்ளம் பாதித்த இடத்துக்கோ அகதி முகாமுக்கோ தொண்டு செய்யப் போகிறவர், காலரா பரவிக்கொண்டிருக்கும் ஊரில் உறவினர் வீட்டில் பல வாரம் தங்கப் போகிறவர், இவர்கள்தான் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

கேட்பவர்களும் பெரும்பாலும் கடைசி நிமிடத்தில் போய் நிற்கிறார்கள். பயணிகள் அதிகம் எடுக்கும் டுக்கோரல் மருந்தை ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இரண்டு முறை குடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும், ஆறு வாரத்தைத் தாண்டவும் கூடாது. இரண்டாவது வேளைக்கு ஒரு வாரம் கழித்துத்தான் பாதுகாப்பு வரும். ஆக, புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே முதல் வேளை உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டு முதல் ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு மூன்று வேளை. சின்ன டவுன் கிளினிக்கில் இருப்பு இருக்காது. ஈப்போவுக்குப் போக வேண்டியிருந்தாலும் முதலில் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

மருந்தோடு வரும் பொடியைக் குளிர்ந்த வெறும் தண்ணீரில் கரைத்து, அதில்தான் மருந்தைக் கலக்க வேண்டும். வயிற்று அமிலம் மருந்தைக் கெடுத்துவிடாமல் காப்பது அந்தப் பொடிதான். பிள்ளை முகம் சுளிக்கிறது என்று மைலோவில் கலந்தால் மருந்து வீண். குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் தே தாரேக் உட்பட எதையும் வாயில் வைக்கக் கூடாது.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்துவிட்டு, "அதான் மருந்து குடிச்சாச்சே" என்று தெருவோரத்தில் ஐஸ் போட்ட சர்பத் வாங்கிக் குடிப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. வங்காளதேசத்தில் நடந்த பெரிய ஆய்விலேயே முதல் ஆறு மாதத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு ஏறக்குறைய 85 சதவீதம். அப்புறம் அது குறைந்துகொண்டே போகும். கிருமி ஐஸில் சாகாது. மூடி உடையாத பாட்டில் தண்ணீர், இல்லையென்றால் ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதித்த தண்ணீர். பல் துலக்கவும் அதே தண்ணீர்தான். கங்கையில் முங்குங்கள், வாயில் மட்டும் விடாதீர்கள். தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாலும் பக்தி குறைந்துவிடாது. ஆறிப்போய் வெளியில் கிடந்த சோறும் வேண்டாம், அதில் இந்தக் கிருமி வேகமாகப் பெருகும். அரைவேக்காட்டுக் கெராங் சிப்பியும் அப்படித்தான். அதை இங்கே நம் ஊரிலேயே விட்டுவிடலாம்.

இதற்கும் மேலே ஒருவருக்கு நோய் வந்துவிட்டால், அரிசி களைந்த நீர் போல வயிற்றால் போகும். கடுமையான நோயாளி மணிக்கு ஒரு லிட்டர்வரை நீர் இழக்கலாம். கவனிக்காவிட்டால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும். நேரத்தோடு நீர் ஏற்றினால் நூற்றில் ஒருவர்கூட இறப்பதில்லை. அதனால் பேதியை "அடக்க" மாத்திரை போடுவதும், வயிறு காயட்டும் என்று தண்ணீரை நிறுத்துவதும் பெரிய ஆபத்து. ஐசோடோனிக் பானம் போதாது, அதில் உப்பு குறைவு. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ் பொட்டலம்தான் வேண்டும், பையில் சிலதை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். கரைக்கும் முன் உறையைப் படியுங்கள். சில பொட்டலம் ஒரு கிளாஸுக்கு, சிலது ஒரு லிட்டருக்கு. பெரிய பொட்டலத்தைச் சின்ன கிளாஸில் கரைத்தால் உப்பு மிஞ்சிவிடும், குழந்தைக்கு அது ஆபத்து. பொட்டலமே கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு மட்ட டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

கிருமி உள்ளே போன சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் நோய் தெரியும். ஊர் திரும்பிய வாரத்தில் பேதி வந்தால், எங்கே போய் வந்தீர்கள் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். காலரா என்றால் அவர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும், அது நம் மலேசியாவின் 1988-ஆம் ஆண்டுச் சட்டம். அதிகாரிகள் வீட்டுக்கு வருவார்களே, லைன் வீடுகளில் நாலு பேர் பேசுவார்களே என்று மறைப்பவர்களும் உண்டு. அவர்கள் வருவது கூட இருப்பவர்களைப் பரிசோதிக்கத்தான். அறிகுறி துளியும் இல்லாதவர் வயிற்றிலிருந்தும் ஒரு வாரம், பத்து நாள்வரை கிருமி வெளியேறலாம். யாத்திரை முடிந்து வீட்டில் அன்னதானம் வைப்பவர்கள், சமைக்கப் போகும் ஒவ்வொருவரும் கழிப்பறைக்குப் போய் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்களா என்று பாருங்கள்.