சவுதியில் சிறைப்பட்ட நண்பரை மீட்க: எங்கே தொடங்குவது, எதைச் செய்யக் கூடாது

தம்மாமில் கனரக வாகனம் ஓட்டிக்கொண்டிருந்த என் நண்பர், அவருடைய கஃபீல் (அங்கே அவருக்குப் பொறுப்பேற்ற முதலாளி) கொடுத்த புகாரில் கைதாகி, ஏழு மாதம் கழித்து ஊர் வந்து சேர்ந்தார். அந்த ஏழு மாதத்தில் முதல் இரண்டு மாதம், எதை முதலில் செய்வது என்று தெரியாமல் நான் அலைந்ததிலேயே கழிந்தது. சிறையில் இருப்பவருக்கு இரண்டு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று அவர் வாயால் கேட்ட பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

1. குடும்பத்தாரின் கையெழுத்து

நீங்கள் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும், அலுவலகக் கோப்பில் அந்த உறவுக்கு இடமில்லை. அவருடைய மனைவியிடமோ பெற்றோரிடமோ, தங்கள் சார்பில் நீங்கள் மனு கொடுக்கவும் விவரம் கேட்கவும் ஒப்புக்கொள்வதாக ஒரு கடிதம் வாங்கி, அவர்களுடைய ஆதார் நகலோடு சேர்த்து ஒரே பிடிஎஃப் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. இக்காமா (சவுதி வசிப்பிட அனுமதி அட்டை) எண்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். கடவுச்சீட்டில் உள்ள பெயரையும் எண்ணையும் மட்டும் கொடுத்துத் தேடச் சொன்னேன். அப்படி ஒருவர் காவலில் இல்லை என்றே பதில் வந்தது. நம் ஊரில் தலைப்பெழுத்தாக இருக்கும் தந்தை பெயர், கடவுச்சீட்டில் முழுப் பெயராக விரிந்து முன்னும் பின்னுமாக மாறியிருக்கும். அதை அரபியில் எழுதும்போது இன்னும் மாறும். ழகரத்துக்கு அங்கே எழுத்தில்லை, 'பழம்' என்பதில் வரும் பகர ஒலிக்கும் எழுத்தில்லை, வகரம் பெரும்பாலும் 'ஃப' ஆகிவிடும். பழனிவேல் என்ற பெயர் 'பலனிஃபீல்' என்று பதிவாகியிருந்தால், தேடுபவருக்கு அது எப்படிக் கிடைக்கும்?

இக்காமா எண் மட்டும் மாறுவதில்லை. வெளிநாட்டவரின் இக்காமா எண் 2-இல் தொடங்கும் பத்து இலக்கம். எங்களிடம் இக்காமாவின் நகல் இல்லை. நண்பர் ஊருக்குப் பணம் அனுப்பிய ஒவ்வொரு முறையும் ரசீதைப் படமெடுத்து மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஓராண்டுக்கு முந்தைய ரசீது ஒன்றின் மூலையில் அந்த எண் தெளிவாக இருந்தது. அது கிடைத்த நான்காம் நாள், அவர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

3. என்ன வழக்கு என்று அறிதல்

வேலையை விட்டு ஓடிவிட்டதாகக் கஃபீல் பதிந்த புகார் மட்டும் என்றால் அது ஹுரூப். பெரும்பாலும் தர்ஹீல் எனப்படும் நாடுகடத்தல் மையத்தின் வழியே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பணமோசடி, திருட்டு, விபத்து போன்ற வழக்கு நிலுவையில் இருந்தால் அவர் மத்லூப், அதாவது தேடப்படுபவர். அந்த வழக்கு முடியும்வரை வெளியேறும் அனுமதி கிடைக்காது. இரண்டுக்கும் வழி வேறு என்பதால், இது தெரியாமல் யாருக்கும் மனு எழுத வேண்டாம்.

4. 'மதத்' (MADAD) இணையதளத்தில் பதிவு

வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய 'மதத்' என்ற குறைதீர்ப்பு இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள். தூதரகத்துக்குப் பத்து மின்னஞ்சல் அனுப்புவதைவிட இதையே நான் நம்புவேன், ஏனெனில் இதில் கிடைக்கும் புகார் எண்ணைத்தான் பிறகு எல்லாரும் கேட்பார்கள். சம்பள பாக்கியும் இருந்தால்கூட, சிறைக்காவல் என்ற வகையிலேயே பதியுங்கள்.

5. அவரே கேட்க வேண்டும்

1963-ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவின்படி, கைதானவர் கேட்டுக்கொண்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் தர வேண்டும். ஆகவே அவரைப் பார்க்கப் போகும் சமூக சேவகர் வழியாகவோ, அவர் பேசும் தொலைபேசி அழைப்பிலோ, "இந்தியத் தூதரக அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். என் நண்பர் அப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாமல் ஆறு வாரம் இருந்தார்.

6. ஊரிலிருந்து அழுத்தம்

ஒரே பக்கத்தில் சுருக்கம் எழுதி, புகார் எண்ணையும் இக்காமா எண்ணையும் மேலே போட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடமும், சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத்துறையிலும் கொடுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதத்தாளில் வெளியுறவு அமைச்சருக்கு ஒரு கடிதம் வாங்குங்கள். எங்கள் கோப்பு நகர்ந்தது அதற்குப் பிறகுதான். இணையத்தில் ஆயிரம் பேரிடம் கையெழுத்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கஃபீலின் பெயரையோ படத்தையோ முகநூலில் போடாதீர்கள். சவுதியில் 2007 முதல் இணையக் குற்றச் சட்டம் இருக்கிறது; உங்கள் பதிவைப் பகிரும் அங்குள்ள தோழரும் சிக்குவார். அதுபோலவே, அனுமதியில்லாமல் அங்கே நிதி திரட்டுவதும் குற்றம். வழக்கறிஞர் செலவுக்கோ விமானச் சீட்டுக்கோ வழியில்லை என்றால், 2009-இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவுமாறு தூதரகத்துக்கு எழுதுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர் சொன்னதன் பேரில் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். மக்கா, மதீனா, ஜீசான் பகுதிகளில் கைதானவர்களின் விவகாரத்தைக் கவனிப்பது ஜெத்தாவில் உள்ள துணைத் தூதரகம். ரியாத், தம்மாம் பகுதிகளுக்கு ரியாத் தூதரகம். மற்றொன்று, விடுதலை ஆணை வந்த பிறகும் கடவுச்சீட்டு கஃபீலிடம் இருப்பதால் சிலர் தர்ஹீலிலேயே காத்திருக்க நேர்கிறது. தண்டனைக்காலம் முடியும் தேதி தெரிந்ததுமே, அவுட்பாஸ் எனப்படும் அவசரச் சான்றிதழுக்கான கோரிக்கையை 'மதத்' புகாரிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.