கோர்ட்டிலிருந்து மருத்துவமனை கம்ப்ளையன்ஸ் வேலைக்கு வரும் வக்கீல்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருஷம் கோர்ட்டில் பழகிவிட்டு, மருத்துவமனையில் கம்ப்ளையன்ஸ் வேலைக்கு, அதாவது சட்டமும் விதிகளும் அங்கே ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகலாமா என்று கேட்கும் ஜூனியர்களுக்காக இதை எழுதுகிறேன். போங்கள், நல்ல வேலை. ஒரு விதியை ஒழுங்காக நடைமுறைக்குக் கொண்டுவந்தால் அதன் பலன் நேரே நோயாளிக்குப் போய்ச் சேரும். ஆனால் கோர்ட்டில் கைகொடுத்த பழக்கங்கள் பல, இங்கே வந்தால் கெடுதல் செய்யும்.

முதலில் உங்கள் சனது, அதாவது வக்கீலாகத் தொழில் செய்யும் உரிமை. மாதச் சம்பளத்துக்கு முழுநேர வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 49-ஆவது விதிப்படி மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு, அந்த வேலையில் இருக்கும்வரை தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். பழைய கேஸ் ஒன்றிரண்டை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று இரண்டையும் சேர்த்து ஓட்டாதீர்கள், ஒழுங்கு நடவடிக்கையில் போய் முடியும். கேஸ் நடத்தியே ஆகவேண்டும் என்றால் சம்பளம் வேண்டாம், ரீடெய்னர் பேசுங்கள், அதாவது வேலையாளாகச் சேராமல் வெளியிலிருந்து ஆலோசனை தருவதற்கான கட்டணம். இதோடு இன்னொன்று: 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருக்கும் வக்கீலுக்கு, 2023-ஆம் ஆண்டு புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 132-ஆவது பிரிவில் தொழில் செய்யும் வக்கீலுக்கு உள்ள ரகசியக் காப்பு கிடையாது, 134-ஆவது பிரிவில் ஓரளவு பாதுகாப்புதான் உண்டு என்று சொல்லிவிட்டது. அதனால் நீங்கள் அனுப்பும் மெயில் எல்லாம் வெளியே வராது என்று நம்பி எழுதாதீர்கள்.

அடுத்தது, என் கணக்கில் இருப்பதிலேயே பெரிய தவறு: "எழுத்துப்பிழைதானே, வாதாடிக்கொள்ளலாம்" என்ற நினைப்பு. ஸ்கேன் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில், கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்தால் ஃபார்ம் எஃப் என்ற பதிவுப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் குறையோ தவறோ இருந்தால், ஸ்கேன் செய்தவர் வேறுவிதமாக நிரூபிக்காதவரை, சட்டம் அதை 5 அல்லது 6-ஆவது பிரிவை மீறியதாகவே எடுத்துக்கொள்ளும். பாலினத்தைச் சொன்னதற்கு வரும் அதே குற்றச்சாட்டு, காலியாக விட்ட ஒரு கட்டத்துக்காகவும் வரலாம். இது அநியாயம் என்று மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பான ஃபாக்சி உச்ச நீதிமன்றம்வரை போனது. 2019 மே மாதத்தில் மனு தள்ளுபடியானது. அந்தப் படிவத்தைத் தவிர நடந்ததைக் காட்ட வேறு தடயமே இல்லை என்பதால் நீதிமன்றம் சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆக உங்கள் வேலை வாதம் தயார்செய்வது அல்ல, ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் அறிக்கை போவதற்கு முன்னால் முந்தைய மாதத்துப் படிவங்களை உட்கார்ந்து புரட்டிப்பார்ப்பது. அலுப்பான வேலைதான், ஆனால் மெஷினுக்கு சீல் விழாமல் காப்பாற்றுவது அதுதான்.

காகிதத்தைக் கையைவிட்டு விடக்கூடாது என்பதும் கோர்ட் புத்தி. நோயாளியின் குடும்பம் கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவேடு) நகல் கேட்டால், கேஸ் போடப்போகிறார்கள் என்று இழுத்தடிக்கச் சொல்லும் வக்கீல்கள் இருக்கிறார்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இழுத்தடித்தால், சரியாக நடந்த சிகிச்சைமீதும் சந்தேகம் வரும்.

சம்மதப் படிவத்தை நீளமாக அச்சடித்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். சமீரா கோலி வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பரிசோதனைக்குத் தந்த சம்மதம், கர்ப்பப்பையை அகற்றச் சம்மதம் ஆகாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து வாங்கும் படிவம் உங்கள் மருத்துவமனையில் இருந்தால் முதல் வாரமே அதை மாற்றுங்கள், தமிழில் எழுதுங்கள்.

அப்புறம் லைசென்ஸ்கள். என்.ஏ.பி.எச். சான்று வாசலில் மாட்டியிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, அது மருத்துவமனை விரும்பி வாங்கும் தரச்சான்று. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டப் பதிவு, மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, எக்ஸ்ரேவுக்கும் சி.டி.க்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய உரிமம், மருந்துக்கடை லைசென்ஸ் என்று எல்லாம் தனித்தனி, காலாவதித் தேதியும் தனித்தனி. தேதிகளை ஒரே ஷீட்டில் போட்டுவையுங்கள். ஆனால் அறையிலேயே உட்கார்ந்து அந்த ஷீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலும் பிரயோஜனமில்லை. ரத்தம் தோய்ந்த கழிவு 48 மணி நேரத்துக்கு மேல் தேங்கக்கூடாது என்ற விதி நடக்கிறதா என்பது பின்பக்கத்து ஸ்டோரில் போய் நின்றால்தான் தெரியும். மஞ்சள் பையில் எது, சிவப்புப் பையில் எது என்று பிரிப்பவர் துப்புரவுப் பணியாளர். அவருக்கு ஆங்கிலத்தில் சர்க்குலர் அனுப்பி என்ன பயன்? நேரில் போய்ப் பேசுங்கள், அவர் சொல்லும் சிரமத்தையும் கேளுங்கள், பை வந்து சேராத நாளில் அவர் என்ன செய்வார்?

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. ஏதாவது அசம்பாவிதம் நடந்தபின் "கேஸ் ஷீட்டைக் கொஞ்சம் சரிபண்ணிடலாமா சார்" என்று யாராவது உங்களிடம் வந்து நிற்பார்கள். கூடாது. நீங்கள் தலையாட்டினால் நீங்களும் அதில் குற்றவாளி. உண்மையிலேயே விட்டுப்போனது இருந்தால், பழைய வரியை அழிக்காமல், எழுதும் நாளையும் நேரத்தையும் போட்டு, கூடுதல் குறிப்பு என்று தலைப்பிட்டு, எழுதுபவர் தன் பெயரில் கையெழுத்திடட்டும். அன்றைக்கே அசல் ஃபைலின் ஒரு நகலை ரெக்கார்டு அறையில் பூட்டிவைக்கச் சொல்லிவிடுங்கள்.