1687இல் பிறந்த ஜெர்மன் மூதாதையைத் தேடுவது எப்படி?

என் கணவர் ஜெர்மன்காரர். பூர்வீகம் வூர்ட்டம்பெர்க் பக்கம் ஒரு சின்னக் கிராமம். பிள்ளைகளுக்கு என் பக்கத்துக் குலதெய்வம் வரை சொல்லியிருக்கிறேன். அவர்கள் அப்பா பக்கம் மட்டும் பூட்டனோடு நின்றுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வருடம் உட்கார்ந்து தேடி, 1687இல் பிறந்த ஒரு நெசவாளர் வரை போய்ச் சேர்ந்தேன். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊர் தெரிய வேண்டும். ஜெர்மனி முழுவதற்குமான அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவு 1876இல்தான் வந்தது. அதற்கு முன்னால் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் அந்தந்த ஊர்த் தேவாலயப் புத்தகத்தில்தான் இருக்கும். ஊர்ப் பெயர் தெரியாவிட்டால் வீட்டு அலமாரியைக் கிளறுங்கள். பல குடும்பங்களில் ‘ஆனன்பாஸ்’ என்ற சிறு கையேடு இன்னும் கிடக்கிறது. யூத ரத்தம் இல்லை என்று நிரூபிக்கச் சொல்லி நாஜி ஆட்சி மக்களை நிரப்ப வைத்தது அது. கையில் எடுக்கவே எனக்கு மனம் கூசியது. ஆனால் ஊரும் தேதியும் அதில்தான் கிடைத்தன.

ஒரே பெயரில் நான்கைந்து ஊர்கள் இருந்தால், மையர்ஸ் என்ற 1912ஆம் ஆண்டு ஊர்ப்பெயர் அகராதியை இணையத்தில் பாருங்கள்.

அடுத்தது அந்தத் தேவாலயப் புத்தகம். அதன் பக்கங்களை இணையத்திலேயே பார்க்கலாம். லுத்தரன் (புராட்டஸ்டண்ட்) குடும்பம் என்றால் ஆர்க்கியோன் தளம். கட்டணம் உண்டு, ஆனால் கொடுக்கும் காசுக்குத் தகும். கத்தோலிக்கர் என்றால் மாட்ரிகுலா, அது இலவசம். மற்றவர்கள் இணையத்தில் ஏற்றிய வம்ச மரங்களைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அப்படியே நகலெடுக்காதீர்கள். வூர்ட்டம்பெர்க் ஊர்களுக்கு ஒரு வசதி உண்டு: 1808 முதல் ‘குடும்பப் பதிவேடு’ எழுதினார்கள். பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி பெயர் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். அதில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள்.

பழைய கையெழுத்துக்குப் பெயர் கூரெண்ட். அதில் ‘e’ பார்க்க ‘n’ போலவே இருக்கும். ‘u’வும் அப்படித்தான், ஆனால் அதற்கு மேலே சின்ன வளைவு போட்டிருப்பார்கள், அதுதான் அடையாளம். நம் ஓலைச்சுவடியில் புள்ளி இருக்காது, ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும், இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். இதுவும் அப்படித்தான். டிரான்ஸ்கிரிபுஸ் என்ற மென்பொருள் ஓரளவு படித்துக் கொடுக்கும். ஆனால் முதலில் நீங்களே ஒரு பத்துப் பக்கம் காகிதத்தில் எழுதிப் பழகுங்கள். எழுதிய கைக்குத்தான் அந்த எழுத்து பிடிபடும்.

இனி நான் இரண்டு மாதம் வீணாக்கிய இடம். நிதானமாகப் படியுங்கள்.

நெசவாளரின் இறப்புப் பதிவு கிடைத்தது: 1749 மார்ச் 14, வயது 61 ஆண்டு 5 மாதம் 20 நாள். கழித்துப் பார்த்தால் 1687 செப்டம்பர் 24. ஞானஸ்நானப் புத்தகத்தில் அந்தப் பெயரில் 1687இல் ஒரே ஒரு குழந்தைதான். ஆனால் தேதி ‘25’, மாதம் ‘7ப்ரிஸ்’. ஏழு என்றால் ஜூலை என்று நினைத்து அந்தக் குழந்தையை ஒதுக்கிவிட்டேன். 1686 செப்டம்பரில் அதே பெயரில் இன்னொரு குழந்தை இருந்தது. வயதை ஒரு வருடம் தவறாக எழுதியிருப்பார்கள் என்று நானே சமாதானம் செய்துகொண்டு, அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறை மேலே ஏறிவிட்டேன்.

லத்தீனில் செப்டெம் என்றால் ஏழு. அதனால் 7ப்ரிஸ் என்றால் செப்டம்பர், 8ப்ரிஸ் அக்டோபர், 9ப்ரிஸ் நவம்பர். ரோம எண் பத்து போட்டிருந்தால் டிசம்பர். இது தெரிந்த பிறகு அந்த 1686ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு சிறு சிலுவை. அடக்கப் புத்தகத்தில் பார்த்தால், இரண்டு வயதில் இறந்திருக்கிறான். மேலே ஏறுவதற்கு முன் ஆளின் இறப்பைப் பார்த்துவிடுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது அந்தச் சிலுவையைப் பார்த்த பிறகுதான்.

கழித்த கணக்கில் 10 நாள் வித்தியாசம் வந்தாலும் விட்டுவிடாதீர்கள். ஜெர்மன் புராட்டஸ்டண்ட் பகுதிகள் பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு 1700இல்தான் மாறின. அந்த ஆண்டு பிப்ரவரி 18க்கு மறுநாள் மார்ச் 1.

திருமணப் பதிவில் தகப்பன் பெயருக்கு முன்னால் ‘வைலண்ட்’ என்று இருந்தால், அவர் அப்போது உயிரோடு இல்லை என்று பொருள். அவருடைய இறப்பை அந்தத் தேதிக்கு முன்னால் தேடுங்கள்.

பின்சேர்க்கை: மனைவியின் பெயர் ஓரிடத்தில் முல்லர், இன்னோரிடத்தில் முல்லரின் என்று இருக்கிறதே, இரண்டு பெண்களா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஒரே பெண்தான். பெண்களின் குடும்பப் பெயரோடு அப்போது ‘இன்’ சேர்த்து எழுதுவார்கள். அப்புறம், கத்தோலிக்கப் புத்தகங்கள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். யோஹான் கேயோர்க் அங்கே யோஹான்னெஸ் கியோர்கியுஸ்.

1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில், குறிப்பாக 1634 நோர்ட்லிங்கன் சண்டைக்குப் பிறகு, வூர்ட்டம்பெர்க்கில் பல ஊர்களின் புத்தகங்கள் எரிந்துபோயின. எங்கள் ஊர்ப் புத்தகமும் போருக்குப் பிறகுதான் தொடங்குகிறது. நெசவாளரின் தாத்தாவை இனி நிலப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும். அவை ஸ்டுட்கார்ட் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் நாங்கள் நால்வருமாகப் போகிறோம்.