வினைல் கட்டரில் கத்தி போகும் வழி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வினைல் கட்டரில், அதாவது ஸ்டிக்கர் வினைலை எழுத்தாக வெட்டும் மெஷினில், பிளேடு புதுசு, அழுத்தமும் சரியாகத்தான் வைத்திருக்கிறோம், ஆனாலும் ‘வ’ எழுத்தின் சுழிக்குள் இருக்கும் ஓட்டை ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கிறது. வெளிக்கோடு தொடங்கிய இடத்தில் மயிரிழை அளவு வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வீடிங் செய்யும்போது, அதாவது வேண்டாத வினைலை உரித்தெடுக்கும்போது, அதை இழுத்தால் எழுத்தும் சேர்ந்து கிளம்பி வந்துவிடுகிறது. இந்த இடத்தில் பெரும்பாலோர் அழுத்தத்தைக் கூட்டுவார்கள். கூட்டினால் வினைல் ஒட்டியிருக்கும் பின்தாளும் சேர்ந்து அறுபடுமே தவிர ஓட்டை நடுவுக்கு வராது. கத்தி எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கமாகப் போகிறது, எதை முதலில் வெட்டுகிறது என்று பாருங்கள், காரணம் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

முதலில் கத்தியைப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண வினைல் கட்டரில் இருக்கும் டிராக் பிளேடைத் திருப்புவதற்கு மோட்டார் எதுவும் கிடையாது. ஹோல்டருக்குள் தானாகச் சுழலும், போகிற திசைக்குப் பின்னால் இழுபட்டு வரும், உருளும் நாற்காலியின் சின்னச் சக்கரம் வருகிற மாதிரி. அதன் கூர்முனை சுழலும் மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும், வழக்கமான வினைல் பிளேடுகளில் இது 0.25 மி.மீ. இதைத்தான் ஆஃப்செட் என்கிறோம். இந்த எண்ணைக் குறைத்து வைத்தால் மூலைகள் மழுங்கி உருண்டு வரும், கூட்டி வைத்தால் மூலையில் காது மாதிரி சின்னதாகப் பிதுங்கும். மூலை கோணலாக வந்தால் வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

கத்தி இழுபட்டுத்தான் திரும்பும் என்பதால், புது பிளேடு போட்டதும் அது எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்படியே வேலையைத் தொடங்கினால் முதல் எழுத்தின் தொடக்கத்தில் ஒரு சின்னக் கொக்கி விழும். சில மெஷின்கள் ஓரத்தில் ஒரு கீறல் போட்டுக் கத்தியை நேராக்கிக்கொள்ளும். உங்கள் மெஷின் அதைச் செய்யாவிட்டால் டிசைனுக்கு வெளியே 5 மி.மீ நீளத்தில் ஒரு கோடு வரைந்து, அது முதலில் வெட்டுப்படும்படி வையுங்கள். அந்தக் கோட்டின் திசையும் முதல் எழுத்து தொடங்கும் திசையும் ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது தொடங்கும் இடம். நட்சத்திரம் மாதிரி கூர்மையான வடிவத்தில் மென்பொருள் பல நேரம் முனையிலேயே தொடக்கப் புள்ளியை வைத்துவிடும். கத்தி இறங்கும்போது திசை சரியாக இல்லையென்றால் அந்த மெல்லிய முனை கிழியும், இல்லாவிட்டால் பின்தாளை விட்டு எழும்பும். நேர்க்கோட்டிலோ மெதுவான வளைவிலோ ஒரு நோடை (பாதையில் இருக்கும் புள்ளியை) தொடக்கமாக மாற்றிவிடுங்கள். கூடவே ஓவர்கட்டை மறக்காதீர்கள், அதாவது கத்தி ஒரு சுற்று முடித்த பிறகும் தொடங்கிய இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் போக வேண்டும். அரை மில்லிமீட்டர் வைத்துப் பாருங்கள். அதற்காக 2, 3 மி.மீ என்று ஏற்றினால் ஒரே இடம் இரண்டு முறை அறுபட்டுப் பின்தாள் கெட்டுவிடும்.

இப்போது வரிசை. ‘உள்ளே இருப்பதை முதலில் வெட்டு, வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டு’ என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான். வெளிக்கோடு வெட்டுப்பட்ட பிறகு அந்தத் துண்டைச் சுற்றியிருந்த பிடிப்பு போய்விடும், அதற்குள் ஒரு சின்ன ஓட்டையை வெட்டப் போனால் துண்டு நகரலாம், எழும்பலாம். ஆனால் இதை முழு வேலைக்கும் சேர்த்துப் புரிந்துகொள்வதில்தான் பெரிய தவறு நடக்கிறது. நானும் இதைச் செய்திருக்கிறேன். ஏறக்குறைய 3 மீட்டர் நீளத்துக்கு ஒரே வரியில் எழுத்துகள், எல்லா ஓட்டைகளையும் ஒரு லேயரிலும் எல்லா வெளிக்கோடுகளையும் இன்னொரு லேயரிலும் பிரித்துவைத்து அனுப்பினேன். மெஷின் கடைசி எழுத்து வரை போய் ஓட்டைகளை முடித்தது, அப்புறம் வினைலைப் பின்னால் இழுத்து வந்து வெளிக்கோடுகளைத் தொடங்கியது. முதல் நான்கைந்து எழுத்துகள் நன்றாக இருந்தன. கடைசிப் பக்கம் வந்த ‘ண’வில் ஓட்டைக்கும் வெளிக்கோட்டுக்கும் நடுவில் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் நூல் மாதிரியும் இருந்தது. அத்தனையும் வீண்.

காரணம் எளிது. பிஞ்ச் ரோலர்கள் வினைலை அழுத்திப் பிடித்துத்தான் நகர்த்துகின்றன, பல் சக்கரம் மாதிரி பிடிமானம் எதுவும் இல்லை. ஒவ்வொரு நீளமான முன்-பின் ஓட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாத அளவு வழுக்கும். ஆகவே உள்ளே-வெளியே என்ற வரிசையை ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியாகப் பிடியுங்கள்: இந்த எழுத்தின் ஓட்டை, உடனே இதே எழுத்தின் வெளிக்கோடு, அப்புறம் அடுத்த எழுத்து. எழுத்துகளும் வினைல் நகரும் திசையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிசையாகப் போகட்டும். அப்படிச் செய்தால் நகர்வு கொஞ்சம் இருந்தாலும் இரண்டு எழுத்துகளுக்கு நடுவில்தான் போய்ச் சேரும், எழுத்துக்குள் வராது, பார்க்கிறவர் கண்ணிலும் படாது. வேலைக்குத் தேவையான நீளத்தை ரோலிலிருந்து முன்கூட்டியே தளர்வாக உருவி விடுவதும் முக்கியம், மெஷினே கனமான ரோலை வெடுக்கென்று இழுக்கும்போதுதான் வழுக்கல் அதிகமாகும்.

‘பயணத் தூரத்தைக் குறை’ மாதிரியான தானியங்கி வசதியை இதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அது பக்கத்தில் எந்தப் புள்ளி இருக்கிறது என்று மட்டும் பார்த்துத் தாவும், பாதி எழுத்தை விட்டுவிட்டுப் போய்க் கடைசியில் திரும்பி வரும். சின்ன ஸ்டிக்கருக்கு இது பரவாயில்லை, நீளமான வேலைக்கு வேண்டாம்.

வலஞ்சுழியா இடஞ்சுழியா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தானாகச் சுழலும் பிளேடுக்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே கோடு நடுவில் உடைந்து, ஒரு பாதி இந்தப் பக்கமும் மறுபாதி எதிர்ப்பக்கமும் போவதுதான் ஆபத்து. கத்தி எழும்பி, வேறு திசையைப் பார்த்தபடி மறுபடி இறங்கும், சேரும் இடம் கிழியும். பிற மென்பொருளிலிருந்து கொண்டுவந்த கோப்புகளில் இது சகஜம். நோடுகளை இணைத்து ஒரே மூடிய பாதையாக்குங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கோடு கிடக்கிறதா என்றும் பாருங்கள். ‘லி’, ‘கி’ போன்ற எழுத்துகளில் மேல்விலங்கு எழுத்தோடு சேரும் இடத்தை வெல்டு செய்யாவிட்டால், அதாவது இரண்டையும் ஒரே வடிவமாக இணைக்காவிட்டால், கத்தி எழுத்தின் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும்.

வீடிங்குக்காகப் போடும் சுற்றுப் பெட்டியும் குறுக்குக் கோடுகளும் கடைசியில் வரட்டும். முதலில் வெட்டினால் வினைல் முன்பே துண்டு துண்டாகிவிடும், ஓரங்கள் ரோலரில் மாட்டி எழும்பும். ‘ம்’ புள்ளி மாதிரி குட்டித் துண்டுகளுக்கு வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

மெஷினுக்குப் போகும் பிஎல்டி (PLT) கோப்பு பல நேரம் வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறக்கலாம். பியு (PU) என்றால் கத்தி மேலே, பிடி (PD) என்றால் கீழே, பக்கத்தில் இருக்கும் எண்கள் இடம், 40 அலகு சேர்ந்தால் 1 மி.மீ. ஓவர்கட்டோ ஆஃப்செட் கணக்கோ சேர்க்காத கோப்பில் ஒரு மூடிய வடிவத்தின் முதல் எண் ஜோடியும் கடைசி எண் ஜோடியும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதை திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். பியு வரிகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே கத்தி எங்கிருந்து எங்கே தாவப்போகிறது என்று தெரிந்துவிடும், அதுவும் ஒரு அங்குல வினைல்கூட வீணாவதற்கு முன்னால்.